இரண்டு மாதம் மூத்தவன்

பேரன் பேத்திகளை விளையாட்டு வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய், கம்பி வேலிக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என் வயசுக்காரர்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். கோபம் வந்தால் வரட்டும்.

நான் இப்போது கோயம்புத்தூரில், கணபதியில் மகன் வீட்டில் இருக்கிறேன். மருமகள் ஒரு அட்டவணை போட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். நீச்சல், டென்னிஸ், செஸ், ஸ்கேட்டிங், ஓட்டம் என்று இடது பக்கம் வரிசையாக எழுதியிருக்கிறது. மேலே உடம்பு, மூளை, நட்பு, அடிபடுதல், காலேஜ் சீட் என்று கட்டங்கள். எதில் பிள்ளைக்கு நீண்ட காலத்துக்கு நன்மை என்று ஒவ்வொரு கட்டத்திலும் மார்க் போட்டிருக்கிறாள். பேத்திக்கு ஏழு வயசு. அவளைக் கேட்டால் ஸ்கேட்டிங்தான் வேண்டும் என்கிறாள். அந்த ஷூவின் சக்கரத்தில் லைட் எரியுமாம்.

போன மாதம் ஓட்டத்துக்கு ஒரு அகாடமியில் பிள்ளைகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரே வருசத்தில் பிறந்த பிள்ளைகளை எல்லாம் ஒரே கோட்டில் நிறுத்தினார்கள். என் பேத்தி டிசம்பர் கடைசியில் பிறந்தவள். பக்கத்தில் நின்ற பெண் ஜனவரி. ஒரு தலை உயரம் அதிகம். பேத்தி கடைசியாக வந்தாள். கோச் மருமகளிடம், "பாப்பாவுக்கு ஓட்டம் செட் ஆகாதுங்க. செஸ்ஸுல போடுங்க, நல்லா வரும்" என்றார். ஏழு வயசுப் பிள்ளை பன்னிரண்டு நொடி ஓடியதைப் பார்த்து அதன் ஆயுசுக்கும் சொல்லிவிட்டார். மருமகள் வீட்டுக்கு வந்து அட்டவணையில் ஓட்டத்தைச் சிவப்பு பேனாவால் அடித்தாள்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை. "என்னங்க மாமா, சுகர் ஏறிருச்சா?" என்று கேட்டாள். ஏறியது சுகர் இல்லை.

எங்கள் ஊர் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கம். நெல், வாழை, நடுவில் வாய்க்கால். அப்பாவும் சித்தப்பாவும் ஒரே வீட்டில் கூட்டாக இருந்தார்கள். நான் ஆவணியில் பிறந்தேன். சித்தப்பா மகன் அதே வருசம் ஐப்பசியில் பிறந்தான். இரண்டு மாத வித்தியாசம். அம்மாவும் சித்தியும் ஒரே சமயத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு வாய்க்காலில் துணி துவைத்ததாக அம்மா சொல்லுவாள்.

பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். அப்போது எவனிடமும் பிறந்த சர்ட்டிபிகேட் கிடையாது. உங்களுக்கும் இது நடந்திருக்கும். வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் வயசு வந்துவிட்டது, சேர்த்துக்கொள்வார்கள். எனக்குக் கை நீளம். ஐந்து முடிவதற்கு முன்பே காதைப் பிடித்து முறுக்கியே காட்டினேன். தலைமை ஆசிரியர் சிரித்து, "ஆறு வயசே இருக்குமுங்க இவனுக்கு" என்று ஆறாகவே எழுதிவிட்டார். அப்பா பக்கத்தில்தான் நின்றார். தேதி கேட்டபோது தலையைச் சொறிந்தார். சித்தப்பா மகனுக்குக் குட்டைக் கை. அவன் விரல் உச்சந்தலையைத் தாண்டவில்லை. திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த வருசம் தொட்டான். ஐந்து என்று எழுதினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். எனக்கு அவன் இரண்டு மாதம் இளையவன். பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் இரண்டு வருசம் இளையவன்.

இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயசு நடந்த அந்த மழைக்காலத்தில்தான் இது விளங்கியது. விளங்கியது என்று இப்போது சொல்கிறேன். அப்போது எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

கோபியில் ஒரு ஹைஸ்கூல் மைதானத்தில் சுற்று வட்டாரப் பள்ளிகளுக்கெல்லாம் விளையாட்டு விழா. சுண்ணாம்புப் பொடியில் கோடு போட்டிருந்தார்கள். முந்தின நாள் மழையில் அது நனைந்து, வெறுங்காலில் மிதித்தால் எரிந்தது. மடித்துக் கட்டிய டவுசரும், முதுகில் ஊக்கு குத்திய நம்பர் துணியுமாக நின்றேன். ரிஜிஸ்டர் வயசுப்படி எனக்குப் பதிமூன்று. பதினைந்து வரைக்கும் உள்ளவர்களோடு ஓட வேண்டும். என் வலது பக்கம் நின்றவனுக்கு மீசை இருந்தது. பொய் இல்லை, மீசை. அவன் என்னைப் பார்த்து, "தம்பி, நீ ஆரு கூட வந்தே?" என்று கேட்டான். நான் அவனோடுதான் ஓட வந்திருக்கிறேன் என்பதே அவனுக்குத் தெரியவில்லை. நான்காவதாக வந்தேன்.

சித்தப்பா மகனுக்கு ரிஜிஸ்டரில் பதினொன்று. பத்தும் பதினொன்றுமான பொடியன்களோடு ஓடினான். நூறு மீட்டரில் முதல். இருநூறில் முதல். இரண்டாவது வந்தவன் அவனுக்குப் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தான். பரிசாக ரோஸ் நிறத்தில் ஒரு சோப்பு டப்பாவும், எவர்சில்வர் டம்ளரும் கொடுத்தார்கள். அந்தச் சோப்பு டப்பாவில் அவன் கடைசி வரைக்கும் சோப்பு வைக்கவில்லை. வெறும் டப்பாவைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பான். எனக்கும் ஒரு தரம் மோந்து பார்க்கக் கொடுத்தான். பிளாஸ்டிக் நாற்றம்தான். ஆனாலும் வயிறு எரிந்தது.

ஏனென்றால் வாய்க்கால் கரையில் தினமும் நான்தான் அவனை ஜெயித்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மதகிலிருந்து பாலம் வரைக்கும் பையைத் தலையில் மாட்டிக்கொண்டு ஓடுவோம். ஒரு நாள்கூட அவன் முந்தினதில்லை. அப்படிப்பட்டவன் எப்படி முதல் பரிசு வாங்குகிறான், நான் எப்படி வெறுங்கையோடு வருகிறேன்? ஏதோ திருட்டு வேலை நடக்கிறது என்று முடிவு செய்தேன்.

முதலில் டிரில் வாத்தியார் மேல் சந்தேகப்பட்டேன். சித்தப்பா அவருக்கு சைக்கிள் கேரியரில் வாழைத்தார் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்ததை என் கண்ணால் பார்த்தேன். ஓட்டத்துக்கு விசில் ஊதுவது அவர். அவன் ஓடும்போது சீக்கிரமும் நான் ஓடும்போது தாமதமாகவும் ஊதுகிறார் என்று நினைத்தேன். ஒரு விசிலைப் பந்தயத்தில் நிற்கிற எல்லோருக்கும்தானே ஊத முடியும், அது எப்படி எனக்கு மட்டும் தாமதமாகும் என்று யோசிக்கிற புத்தி இல்லை. பிறகு சித்தி மேல். சித்தி அவனுக்குக் காலையில் அவித்த முட்டை கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள். ஆனால் என் முட்டை சின்னது என்று தோன்றியது. இரண்டையும் கையில் வைத்து எடை பார்த்தேன். "ஏங்கண்ணு, முட்டையில என்ன ஆராய்ச்சி?" என்று சித்தி சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் சந்தேகப்பட்டேன்.

அந்த ஐப்பசியில் அம்மாவின் தம்பி, என் மாமன், கோயம்புத்தூரிலிருந்து வந்தார். மில்லில் ஃபிட்டர். மில்லுக்குச் சொந்தமாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. விளையாட்டில் கெட்டிக்காரப் பையன்களை அங்கே தங்கவைத்துச் சோறு போட்டுப் படிக்கவைத்து, பெரியவன் ஆனதும் மில்லிலேயே வேலையும் கொடுப்பார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பையன். மாமன் மேஸ்திரியிடம் சொல்லி வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு முடித்து, வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு அப்பா, சித்தப்பா, மாமன் மூன்று பேரும் பேசினார்கள். மருமகள் அட்டவணையில் எழுதியிருக்கிறாளே, அத்தனையும் அன்றைக்கு எங்கள் வாசலில் பேசியாயிற்று.

அப்பா கேட்டார், "ஏனுங்க மாப்பிள்ளை, சடுகுடு எப்படி? நம்ம பசங்க நல்லா வெளையாடறாங்க."

"வேண்டாமுங்க மச்சான். முட்டி போயிரும். நாளைக்குப் பொண்ணுப் பாக்கப் போறப்ப நொண்டிட்டா போறது?"

"வாலிபாலு?"

"மில்லுல உசுருங்க அதுக்கு. ஆனா ஆறடி வேணும்."

சித்தப்பா சொன்னார், "நம்மூட்டுல ஆறடிக்கு இருக்கறது இந்தக் கட்டலு ஒண்ணுதானுங்க."

அப்பா விடவில்லை. "பூப்பந்துன்னு ஒண்ணு வெளையாடறாங்களே, பேங்க்குக்காரங்க?"

"பேங்க்குல வேலை கெடச்சப்பறம் வெளையாடறதுங்க அது. வெளையாடுனதுக்கு வேலை குடுக்கறதில்ல."

"அப்ப எதுதான் நல்லதுங்கறீங்க?"

"ஓட்டமுங்க மச்சான். பந்து வேண்டாம், வலை வேண்டாம். மில்லுலயும் எடுப்பாங்க, போலீசுலயும் எடுப்பாங்க. ஒண்ணுமே ஆகலீன்னாலும் காலு கெட்டியா இருக்கும், காட்டு வேலை செஞ்சுக்கலாம்."

ஓட்டம் என்று முடிவாயிற்று. எந்தப் பையன் என்பதற்கு அவர்கள் பேசக்கூட இல்லை. டம்ளர் வாங்கியவன் போவான். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். "நான் அவனைவிட வேகமா ஓடுவேன்" என்றேன். சித்தப்பா, "அப்பறம் ஏஞ்சாமி நாலாவதா வந்தே?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"இப்ப ஓடிக் காட்டறேன்" என்றேன்.

மாமனுக்கு இதில் ஒரு குஷி. எல்லோரும் வாய்க்கால் கரைக்குப் போனோம். சித்தப்பா மகன் வரமாட்டேன் என்று இழுத்தான். அம்மாவும் சித்தியும் பின்னாலேயே வந்தார்கள். தண்ணீர் கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. நடவு முடிந்த வயலிலிருந்து சேற்று வாசம். மாமன் துண்டைத் தலைக்கு மேலே சுழற்றிக் கீழே போட்டார். ஓடினோம். அந்த ஓட்டம் இன்னும் என் கால்களில் இருக்கிறது. பாதி தூரத்திலேயே அவன் மூச்சுச் சத்தம் எனக்குப் பின்னால் போய்விட்டது. பாலத்துக் கல்லை நான் தொட்டபோது அவன் ஐந்தாறு எட்டுப் பின்னால் வந்துகொண்டிருந்தான். திரும்பி அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா சொன்னார், "ரெண்டு வருசம் மூத்தவன், சின்னவனை ஜெயிச்சதுக்கு என்னடா பெருமை?"

அம்மாதான் பேசினாள். "என்னங்க இப்படிச் சொல்றீங்க? ரெண்டும் ஒரே வருசம்தானுங்களே. ரெண்டு மாசந்தான் வித்தியாசம்."

"எட்டாவது படிக்கறவனும் ஏழாவது படிக்கறவனும் ஒரே வயசா? பள்ளிக்கூடத்துல எழுதி வெச்சிருக்குது."

"எழுதுனது ஆரு பாத்து எழுதுனாங்க? பெத்தவ நான் சொல்றனே."

அப்பா கெட்டவர் இல்லை. ஊரில் நாலு பேருக்குப் பஞ்சாயத்து சொல்கிறவர். அண்ணன்காரன் தன் மகனுக்காக ஓரவஞ்சனை செய்துவிட்டான் என்று யாரும் சொல்லிவிடக்கூடாது, அவ்வளவுதான் அவருக்கு. என் அம்மா எனக்காகத்தான் பேசுவாள் என்று அவரே ஒதுக்கிவிட்டார். சித்தப்பாவுக்கும் வருசக் கணக்கெல்லாம் தெரியாது. சித்தியைப் பார்த்துக் கேட்டார், "நீ சொல்லு அம்மணி. பையன் எந்த வருசம்?"

சித்தி முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள். சித்தப்பா மகன் அவளோடு ஒட்டிக்கொண்டு நின்றான், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"எனக்கு நெனவில்லீங்க" என்றாள்.

பெற்ற பிள்ளை பிறந்த வருசம் நினைவில்லையாம். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்ப எழுதி வெச்சதுதான். சின்னவன் போகட்டும்." முடிந்தது.

அடுத்த வாரம் அவன் மாமனோடு பஸ் ஏறினான். புது கேன்வாஸ் ஷூ, அதற்குப் பூச ஒரு டப்பா வெள்ளை பாலிஷ், தகரப் பெட்டி. ஜன்னலில் இருந்து, "வாரேனுங்கண்ணா" என்றான். நான் பஸ்ஸின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும்போது மதகிலிருந்து பாலம் வரைக்கும் நடந்து வந்தேன். அதற்குப் பிறகு நான் எதற்காகவும் ஓடவில்லை. பஸ்ஸுக்குக்கூட ஓடினதில்லை. போனால் அடுத்த பஸ்.

அவனுக்கு என்ன நடந்தது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு வருசம் கோயம்புத்தூரில் ஜெயித்துக்கொண்டே இருந்தான். பிறகு கூட ஓடின பொடியன்கள் வளர்ந்தார்கள். இவன் அவர்களுக்கு முன்பே வளர்ந்து முடித்திருந்தான். மூன்றாவது வந்தான், ஐந்தாவது வந்தான், அப்புறம் மைக்கில் அவன் பெயரையே படிக்கவில்லை. மில்லில் வேலை மட்டும் கிடைத்தது. மில் மூடினதும் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் ஸ்டோரில் இருந்தான். நான் கவர்மெண்ட் ஆபீசில் கிளார்க். ஆறு என்று எழுதின அந்தத் தலைமை ஆசிரியர் புண்ணியத்தில் ஒரு வருசம் முன்பே வீட்டுக்கு அனுப்பப்பட்டேன். ஓடின அவனுக்கும் முட்டி வலி, ஓடாத எனக்கும் முட்டி வலி. இதை மருமகள் அட்டவணையில் எந்தக் கட்டத்தில் போடுவாள்?

சித்தியை நான் விடவில்லை. அவள் கையால் அதற்குப் பிறகு ஒரு வாய் சோறு தின்னவில்லை. என் கல்யாணத்தில் அவள் திருநீறு வைக்க வந்தபோது தலையைக் குனியவில்லை. ஐந்து வருசம் முன்னால் ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். போனேன், கதவோரம் நின்றேன். "கண்ணு, உக்காரு" என்றாள். வேலை இருக்கிறது என்று சொல்லி வந்துவிட்டேன். பத்து நாளில் போய்விட்டாள். இது எனக்கு உறுத்தவில்லை. பொய் சொன்னவளுக்கு அது போதும் என்றுதான் நினைத்திருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மகன் ஒரு வளைகாப்புக்குக் கோயம்புத்தூர் வந்தவன், இங்கேயும் எட்டிப் பார்த்தான். காபி குடித்துக்கொண்டே ஃப்ரிட்ஜில் இருந்த அட்டவணையைப் பார்த்தான். மருமகளுக்கு வாய்ப்பாகப் போயிற்று. "சின்ன மாமா, நீங்க ஸ்போர்ட்ஸ்ல இருந்தவங்க. பாப்பாவுக்கு எதுங்க நல்லது?" என்று கேட்டாள்.

அவன் கண்ணாடியைத் தூக்கிவிட்டு, அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்தான். "இதை ஏனுங்க அம்மணி அடிச்சுப்போட்டீங்க?"

"கடைசியா வந்தாளுங்க மாமா."

"ஆரு கூட ஓடுனா?"

"அவ வயசுப் பிள்ளைக கூடத்தான்."

"டிசம்பர்ல பொறந்த புள்ளைக கூட ஓடவிட்டுப் பாருங்க. அப்பறம் அடிக்கலாம். என்னைப் பெரிய ஓட்டக்காரன்னு சொன்னாங்க. நான் சின்னப் பசங்க கூட ஓடுனேன், அவ்வளவுதானுங்க."

மருமகள் புரியாமல் சிரித்துவிட்டு உள்ளே போனாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஐம்பது வருசத்தில் அவன் வாயிலிருந்து அந்தப் பேச்சு வந்ததே இல்லை. காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"எதுங்கண்ணா?"

"சின்னப் பசங்க கூட ஓடுனேன்னியே. அது எப்பத் தெரியும்?"

டம்ளரில் மிச்சமிருந்த காபியைக் குடித்து முடித்தான். பிறகு, "அப்பவே தெரியுமுங்க" என்றான். "எங்கம்மா எனக்குச் சின்ன வயசுலயே சொல்லியிருக்குது. அண்ணன் ஆவணி, நீ ஐப்பசின்னு."

"அப்பறம் ஏண்டா உங்கம்மா நெனவில்லைன்னு சொன்னா?"

"நாந்தானுங்கண்ணா சொல்லச் சொன்னேன். நீங்க ஓடிக் காட்டறேன்னதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு, தோத்துருவேன்னு. கரைக்கு நடந்து போறப்பவே அம்மா கையப் புடிச்சு அழுதேன். பெரியப்பா கேட்டா சொல்லிப்போடாதே, சொன்னா வாய்க்கால்ல குதிச்சுருவேன்னு. எங்கம்மா பொய்யே பேசாதுங்க. அன்னிக்கு ஒரு நாள்தான். அதுக்கப்பறம் உங்க மூஞ்சியப் பாக்கறப்பெல்லாம் அழுவும்."

"நீ ஒரு நாளும் வந்து சொல்லலையே."

"வெக்கமா இருந்துச்சு. அங்க ஓடறப்பெல்லாம் பயம். ஆராச்சும் வயசு கேட்டுருவாங்களோன்னு."

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுத முடியாது. பேத்தி அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏண்டா அப்படிச் செஞ்சே?" என்று கடைசியில் கேட்டேன்.

"எனக்கும் போகோணும்னு இருந்துச்சுங்கண்ணா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். வேறு காரணம் எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு வயசுப் பையனின் பதில்தான் அது. அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு, "வாரேனுங்க" என்று போனான்.

நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். இரண்டு நாளாக அவன் மேல் கோபப்பட்டுத்தான் பார்க்கிறேன், கோபம் நிலைக்கமாட்டேன் என்கிறது. அன்றைக்கு என் கை குட்டையாக இருந்து, டம்ளர் என்னிடம் இருந்திருந்தால், நானும் என் அம்மா கையைப் பிடித்து அழுதிருப்பேன். என் அம்மாவும் நினைவில்லை என்றுதான் சொல்லியிருப்பாள். நாங்கள் இரண்டு பேரும் எப்படியும் ஓட்டத்தை விட்டு நின்றுபோனோம். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒருத்தி என்னை உட்காரச் சொன்னாள், நான் உட்காரவில்லை.